பகலில் பார்க்காத வயல்

இரண்டு வருடங்களுக்கு முன், பாரிஸ் லா சப்பலில் எங்கள் மரக்கறிக் கடை வாசலில் நடந்தது. இன்றைக்கும் நினைத்தால் அழுகைக்கு முன் கோபம்தான் வருகிறது.

கடைக்கு மேல்மாடியில் குவாதலூப் தீவைச் சேர்ந்த கறுப்பினப் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஓவியர். எங்களிடம் மரவள்ளியும் வாழைக்காயும் வாங்குவாள். அவளுடைய ஜன்னலைத் திறந்தால் மெட்ரோ ஓடும் இரும்புப் பாலம்தான் தெரியும். அதனால் ஓய்வு கிடைத்தால் ரயிலேறி, நகரம் முடிகிற இடத்துக்கும் அப்பால் போய், வயல்களுக்கு நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். சப்பாத்தெல்லாம் சேறாகத் திரும்பி வருவாள். வானம் பார்க்க டிக்கெட் எடுத்துப் போகிற ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஒருநாள், எங்கள் கடையின் இரும்பு ஷட்டரில் படம் வரையட்டுமா என்று கேட்டாள். பரந்த வெளியை வரைய அவ்வளவு அகலமான இடம் அவளுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லையாம். என் கணவர் லேசில் கடை பூட்டாத மனிதர். வருடத்தில் பிள்ளையார் தேரன்று மட்டும்தான் பூட்டு. அன்றைக்கே வரையச் சொன்னார்.

தேர் முடிந்து, ஆர்ஜொந்தெயில் இருக்கும் அவருடைய தமக்கை வீட்டுக்கும் போய்த் திரும்ப இருட்டிவிட்டது. தெருவிளக்கில் படம் முழுக்க ஒரே மங்கல்.

“என்னப்பா இது, வெறும் வெளி. ஒரு மனிசரும் இல்லை,” என்றார்.

“லட்சுமியைக் கீறச் சொல்லியிருக்கலாம்,” என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

மறுநாள் அவள் வந்து, “பகலில் பாருங்கள், உங்களுக்கென்று அதில் ஒன்று இருக்கிறது,” என்று அவரிடம் சொன்னாள். பகலில் பார்ப்பதென்றால் கடையைப் பூட்டவேண்டுமே! விடியுமுன் மரக்கறி ஏற்றும் எங்கள் வானை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்வந்து ஷட்டரை உயர்த்துவார். அதோடு படமும் சுருண்டு மேலே போய்விடும். இருண்டபின்தான் இறக்குவார். காணும்போதெல்லாம் அவள் கேட்பாள்.

“ஓம், ஓம், அடுத்த தேருக்குப் பாப்பம்,” என்பார்.

மாசியில் மாரடைப்பு வந்தது. அடுத்த தேர்வரை அவர் இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை நான் அந்தப் பக்கமே போகவில்லை. அதன் பிறகு, நல்ல வெயில் நேரத்தில், கடை திறக்கத் தனியாகப் போனேன். அறுவடை முடிந்த வயல், கண்ணுக்கெட்டும்வரை மஞ்சள். அதற்கு மேலே எவ்வளவு பெரிய வானம்! தூரத்து வீதியில் ஒரு சின்ன வெள்ளை வான். அதன் பின்கதவு கயிற்றால் கட்டியிருந்தது. பூட்டு உடைந்த எங்கள் வான்தான். ஓட்டுகிற பக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு முழங்கை தெரிந்தது. அவர் அப்படித்தான் ஓட்டுவார்.

திறப்புக் கொத்தைக் கையில் பிடித்தபடி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வந்த மேல்மாடிக்காரி பக்கத்தில் அமர்ந்தாள்.

“அவர் பார்த்தாரா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

பார்த்தார் என்று பொய் சொன்னேன். நம்பினாளோ என்னவோ.

இப்போது ஞாயிறுகளில் கடை பூட்டு. “ஞாயிறிலைதானே அக்கா வியாபாரம்?” என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்கிறார். ஒரே ஒரு பகல் பூட்டியிருந்தால் என் கணவர் தன்னை அங்கே கண்டிருப்பார். இனி எத்தனை ஞாயிறு பூட்டினாலும், எதிர்ப்பக்கம் நின்று பார்க்க நான் மட்டும்தான் இருக்கிறேன்.