தண்ணி டப்பாவை மாற்றியவன்

கேரள எல்லையில் இருக்கும் எருத்தேன்பதியில் கள்ளியும் வேலிக்கருவையும் தவிர ஒன்றும் வராது என்று ஊரே கைவிட்ட பூமியில் தென்னந்தோப்பு உண்டாக்கினேன். கிணறு வெட்டினேன். பாறை வந்தது, பாறையையும் வெட்டினேன். அந்தத் தண்ணீரும் கீழே போனபோது போர் போட்டேன். முதலில் ஓட்டு வீடு, பிறகு அதையே இடித்து மெத்தை வீடு. தேங்காய் காயப்போடக் களம் போட்டேன், மோட்டார் ரூம் கட்டினேன், வழிப் பிரச்சினை செய்த பங்காளியோடு கோர்ட்டுக்கு நடந்து பாதை வாங்கினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மகனை இன்ஜினியர் ஆக்கினேன். தலை நரைத்த பிறகு கார் ஓட்டக் கற்று, மலையாளத்தில் கேள்வி கேட்ட அதிகாரிக்கு மலையாளத்திலேயே பதில் சொல்லி லைசென்ஸ் வாங்கினேன். இதில் எதற்கும் எவனும் கை கொடுக்கவில்லை.

இந்த வரிசையில் இன்னும் ஒன்று இருக்கிறது. எங்கள் பழைய வெள்ளைக் காரில் வைப்பருக்குத் தண்ணீர் அடிக்கும் டப்பா ஒழுகியது. அதை வீட்டு வாசலில் வைத்து நானே மாற்றினேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என் மனைவி கடைசி ஒரு வருஷத்தைத் தன் வீட்டில் கழித்தாள் என்றால் அதற்கு அந்த டப்பாதான் காரணம்.

அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மெஷினில் படுப்பது என்றுதான் வீட்டில் சொல்வோம். விடிகாலை முறையில் இடம் கிடைத்திருந்தது. நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த மெஷினில் அடுத்த ஆளைப் படுக்க வைத்து விடுவார்கள். வாடகை வண்டி பிடித்துப் பார்த்தோம். ஒரு நாள் வருவான், மறுநாள் போனை எடுக்க மாட்டான். அதனால் நானே ஓட்டினேன்.

அந்த வழியில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். கொழிஞ்சாம்பாறை தாண்டினால் இரண்டு பக்கமும் வயல், மார்கழியில் எதிரே ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில்தான் தோப்புகளிலிருந்து கள் ஏற்றிய வண்டிகள் கேன்களோடு பறந்து வரும். கள் புளிப்பதற்குள் தூர ஊர்களுக்குப் போய்ச் சேர வேண்டும், அவர்கள் அவசரம் அவர்களுக்கு. ரோட்டில் தேங்கிய சேற்றையெல்லாம் நம் கண்ணாடியில் அடித்துவிட்டுப் போவார்கள்.

தண்ணி டப்பா எப்போது ஒழுக ஆரம்பித்தது என்று நான் பார்க்கவில்லை. இரவு நிரப்பினால் காலையில் காலி, காருக்கு அடியில் ஈரம். ரேடியேட்டர் என்று முதலில் பயந்தேன், அது இல்லை. என் மனைவி வாசலில் உட்கார்ந்து அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஏனுங்க, அந்த டப்பாவுல தண்ணி நிக்க மாட்டீங்குது. என்ற ஒடம்புல இருந்து தண்ணி போக மாட்டீங்குது. ரெண்டையும் மாத்தி வெச்சா ஆகாதுங்களா?"

"சும்மா இரு புள்ள," என்றேன். அவளுக்கு எப்போதும் வாய் அப்படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை கள் வண்டி ஒன்று சேற்றை அடித்துவிட்டுப் போனது. வைப்பரைப் போட்டேன். தண்ணீர் இல்லாமல் ஓடிய வைப்பர் சேற்றைக் கண்ணாடி முழுக்க இழுகிவிட்டது. வெளியே மூடுபனி, கண்ணாடியில் சேறு. ஓரம் கட்டினேன். காரில் இருந்த ஒரே தண்ணீர் அவளுடைய பாட்டில். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து சொன்ன தண்ணீர்.

"ஊத்துங்க," என்றாள். "நான் வாயக் கட்டிக்கறேன்."

ஊற்றித் துடைத்துக் கிளம்பினோம். இன்னும் இரண்டு இடத்தில் இறங்கி என் துண்டால் துடைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நேரம் தப்பியிருந்தது. அவளை வாசலில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனேன். அதற்குள் காரியம் கெட்டது.

ஏன் தாமதம் என்று நர்ஸ் கேட்டிருக்கிறாள். வழியெல்லாம் பனி என்று சொல்ல நினைத்து, மூச்சு வாங்கியதில் "பனி சிஸ்டர், பனி" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள் என் மனைவி. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். "பனியோ? எப்போ துடங்கி?" என்று நர்ஸ் கேட்க, எப்போது தொடங்கியது என்ற கேள்வியை இவள் ரோட்டைப் பற்றி என்று எடுத்துக்கொண்டு, "கொழிஞ்சாம்பாறையில இருந்தே" என்று சொல்லியிருக்கிறாள். காய்ச்சலோடு வந்தவளை மற்றவர்கள் பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது. தனியாக உட்கார வைத்து ரத்தம் எடுக்க அனுப்பிவிட்டார்கள்.

நான் வந்து விஷயத்தைச் சொன்னேன். "சிஸ்டரே, இவ சொன்னது மஞ்ஞு." மூடுபனிக்கு அவர்கள் சொல் அதுதான். நர்ஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள், சின்னப் பெண். ஆனால் காய்ச்சல் என்று எழுதியாகிவிட்டது, டாக்டர் வந்து பார்த்தால்தான் மெஷின். அதற்குள் அவளுடைய இடத்தில் வேறு ஆள் படுத்திருந்தார். சாயங்காலம்தான் படுக்க வைத்தார்கள். அதுவரை கால் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு பெஞ்சில் கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து மகன் வந்தான்.

"அப்பா, இனி நீங்க வண்டி எடுக்காதீங்க. அம்மாவ நான் கூட்டிட்டுப் போயர்றேன். அங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்குது."

"நான் வல்லடா," என்றாள் அவள். "மூணாவது மாடியில உக்காந்துட்டு அடுத்த ஊட்டுச் செவுத்தப் பாத்துட்டு இருக்கறதுக்கா? போறதுன்னா என்ற ஊட்டுல இருந்து போறேன்."

"அப்பாவுக்குக் கண்ணு தெரியறதில்லீம்மா. ஒரு நாளைக்கு ரெண்டு பேருமாக் கள்ளு வண்டிக்கு அடியில போயிருவீங்க."

எனக்குக் கோபம் வந்தது. "என்ற கண்ணுல ஒண்ணுமில்ல. கண்ணாடிக்குத் தண்ணி வரல, அவ்வளவுதான்."

"செரி. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வரும்போது தண்ணி வரோணும். இல்லீன்னா அம்மாவக் கூட்டிட்டுத்தான் போவேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் என்னோடு இருந்தவள், எதையும் கேட்டதில்லை. அன்று கேட்டாள், வாயைத் திறக்காமல்.

வொர்க் ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இந்த மாடலுக்குப் பாகம் வர நாளாகும் என்றார்கள். வண்டியை விட்டால் மெஷினுக்கு எதில் போவது? பஸ் ஏறிக் கோயம்புத்தூர் உக்கடத்துக்குப் போனேன். பழைய கார்களை உடைத்து விற்கும் கடைகளில் அலைந்து, அதே மாடல் காரிலிருந்து கழற்றிய டப்பா ஒன்றைப் பிடித்தேன். தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்னேன், சொட்டவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

வியாழக்கிழமை வாசலில் வேலையை ஆரம்பித்தேன். இதில் பெரிய வித்தை இல்லை என்பார்கள். டப்பா எங்கே இருக்கிறது என்று அவர்களைக் கேளுங்கள். வாய் மட்டும்தான் இன்ஜின் பக்கம் தெரியும், வயிறு முழுக்க முன்சக்கரத்துக்கு மேலே ஒளிந்திருக்கிறது. பேட்டரி வயரை முதலில் கழற்றினேன். மண் இளகலாக இருந்ததால் ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்தேன். சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கி நழுவினாலும் வண்டி தரையில் விழாதபடி அதையே அடியில் தள்ளிவைத்தேன். சக்கரம் இருந்த இடத்துக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் மறைப்பு. அதன் குமிழ்களை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியபோது இரண்டு உடைந்தன. பழசு, உடையத்தான் செய்யும். மறைப்பை மடக்கியதும் டப்பா கண்ணில் பட்டது. மூன்று போல்ட். ஒன்று துரு ஏறித் திரும்பவில்லை, மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தேன்.

அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்தாள். ஊசி குத்தும் கையில் எடை தூக்கக் கூடாது, மற்றக் கையால் பிடித்திருந்தாள். கை சோர்ந்தால் வெளிச்சம் கீழே இறங்கும்.

"மேல அடி புள்ள."

"மேலதானுங்க அடிக்கறேன். கை கீழ போகுது."

டப்பா வெளியே வந்தது. ஒட்டிச் சேர்த்த இடம் நெடுக வெடித்திருந்தது. அதன் அடியில் சின்ன மோட்டார் சொருகியிருக்கும். அதைப் பிடுங்கி, வாங்கி வந்த டப்பாவில் சொருகி, வயரையும் ட்யூபையும் மாட்டித் தண்ணீர் ஊற்றினேன். மோட்டார் சொருகிய ஓட்டையிலேயே சொட்டியது. ரப்பர் வளையம் இறுகிப்போய்ப் பிளந்திருந்தது. அதைக் கடைக்காரன் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

மத்தியானம் ஆகிவிட்டது, மறுநாள் மெஷின். அவள் டார்ச்சை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க. போறேன் அவன் கூட."

"அட, இரு," என்றேன்.

மோட்டார் ரூமில் பழைய சைக்கிள் ட்யூப் கிடந்தது. கிணற்று பம்ப்பின் அடிவால்வு ஒழுகினால் நான் செய்கிற வேலை அது. ட்யூபை வளையமாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, மோட்டாரை அதற்குள் திருகி இறக்கினேன். திரும்பவும் தண்ணீர் ஊற்றினேன். அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டுக் காத்திருந்தோம். தாளில் ஒரு பொட்டு ஈரம்கூட விழவில்லை.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, உடைந்த குமிழுக்குப் பதில் கம்பி கட்டினேன். "உள்ள ஏறி உக்காரு," என்றேன் அவளிடம். அந்தக் காரில் ஓட்டுகிற சீட்டில் அவள் உட்கார்ந்தது அந்த ஒரு நாள்தான். சாவியை நான் திருப்பினேன், வைப்பர் குச்சியை அவள் இழுத்தாள். முதலில் காற்று இருமியது. பிறகு இரண்டு தாரையாகத் தண்ணீர் எழும்பிக் கண்ணாடியில் விழுந்தது.

"வருதுங்க," என்றாள். இன்னொரு தடவை இழுத்தாள். இன்னொரு தடவை. டப்பாவைக் காலி செய்துவிடுவாள் போல இருந்தது. நான் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து தானே ஏறி இழுத்துப் பார்த்தான். தண்ணீர் கண்ணாடியைத் தாண்டி வந்து என் சட்டையில் அடித்தது. "தண்ணி வருது. கண்ணு?" என்றான். தோப்பில் கடைசி வரிசையைக் காட்டி, மூன்றாவது மரத்தில் வண்டு வெட்டிய குருத்து தெரிகிறதா என்று அவனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிடாமல் போய்விட்டான்.

அடுத்த கார்த்திகை வரைக்கும் நான் ஓட்டினேன். ஒரு நாளும் தாமதமில்லை. அந்த நர்ஸ் அவளைக் கண்டாலே கேலிதான்: "இன்னும் மஞ்ஞாணோ அம்மே?" இன்றைக்கும் மூடுபனிதானா என்று கேட்கிறாள். "பனி சிஸ்டர்" என்று இவளும் சொல்வாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். வேனலிலும் அதே பேச்சுதான். எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. முந்தின ராத்திரி அவளுக்கு உடம்பு நடுங்கியது. விடிகாலையில் ஒரு காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டாள். "சிஸ்டர் கிட்டச் சொல்லிரு," என்றேன். "சொல்றேனுங்க," என்றாள். அன்று வழியில் பனி இல்லை. கண்ணாடி பளிச்சென்று இருந்தது, குச்சியை நான் தொடவே இல்லை. அவளை வாசலில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனேன்.

அவள் சொல்லத்தான் செய்தாள். அந்தப் பெண்ணுக்குப் புரிய வேண்டும் என்று காய்ச்சலை மலையாளத்திலேயே, "பனி சிஸ்டர்" என்றாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "இன்னும் மஞ்ஞாணோ அம்மே?" என்றாள். இவளுக்கு மறுத்துப் பேசச் சீவன் இல்லை. மாத்திரை போட்டிருந்ததால் தெர்மாமீட்டரும் காட்டவில்லை. படுக்க வைத்துவிட்டார்கள். பாதியில் உடம்பு தூக்கிப் போட்டது. ரத்தத்தில் விஷக்கிருமி என்றார்கள். புதன்கிழமை முடிந்துவிட்டது. முன்னாலேயே தெரிந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன்.

மகன்தான் சொன்னான், சுடுகாட்டிலிருந்து வந்த அன்றைக்கே. "கோயமுத்தூர்ல இருந்திருந்தா காச்சல்னு சொன்னா காச்சல்னு புரிஞ்சிருக்கும்."  எனக்கு அன்றைக்கு அழத்தான் வேண்டியிருந்தது.

இப்போது முதல் வருஷ நினைவுநாள் வருகிறது. பேப்பரில் போடுவதற்கு எழுதியதைப் போனில் வாசித்தான். டாக்டர்களுக்கு நன்றி. நர்ஸ்களுக்கு நன்றி. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மகன், மருமகள். என்னை எங்கே போட்டாய் என்று கேட்டேன். "கணவர்னு போட்டிருக்கேனுங்க, படத்துக்குக் கீழ."

அது போதாது. கோயம்புத்தூருக்கு விடாமல் வைத்திருந்தவன் நான் என்று பழி சொல்லும்போது என் பேர் முன்னால் வருகிறது. அந்த ஒரு வருஷம் அவள் தன் வாசலில் உட்கார்ந்தாள், தன் அடுப்பைப் பார்த்தாள், சொன்னபடி தன் வீட்டிலிருந்து போனாள். அங்கேயும் என் பேர் வர வேண்டும். வாசகம் நானே சொல்கிறேன், எழுதிக்கொள் மகனே: தன் வீட்டில் இருந்தபடியே வைத்தியம் பார்த்துக்கொண்டார். காரை ஓட்டியவர் அவருடைய கணவர். தண்ணி டப்பாவை மாற்றியவரும் அவரே.

இடம் இல்லை என்று சொல்லாதே. மற்ற எழுத்துகளைச் சின்னதாக்கு.