வண்டிக்கடை அரிசி

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் நடந்தது இது. எழுதினால் யார் மனசாவது நோகுமோ என்று இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தேன். இப்போது வயசாகிவிட்டது. நொந்தால் நோகட்டும் என்று தோன்றுகிறது.

என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டராக இருந்தார். ஆள் குறைத்தபோது அவரையும் குறைத்துவிட்டார்கள். கையில் கொடுத்ததை வைத்து, வீட்டு முன் அறையில் பலசரக்குக் கடை போட்டோம். கடை போட்ட பிறகுதான் சரக்கு எடுத்துவருவது எவ்வளவு பெரிய பாடு என்று தெரிந்தது. மார்க்கெட்டில் இருந்து மூட்டை கொண்டுவர மூன்று சக்கர வண்டிக்காரரைப் பிடிக்க வேண்டும். அவரோ பெரிய கடைகளுக்கு எல்லாம் ஓட்டி முடித்துவிட்டு, வெயில் இறங்கின பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அதற்குள் காலையில் பருப்பு கேட்டு வந்தவர்கள் வேறு கடைக்குப் போயிருப்பார்கள்.

"நம்மகிட்ட சைக்கிள் இருக்குல்லா, அதுக்குப் பின்னால ஒரு வண்டிய மாட்டிருவோம்" என்றார் ஒருநாள். மில்லில் கை சும்மா இருந்து பழக்கமில்லாத மனுஷன். பழைய இரும்புக் கடையில் மொபெட் சக்கரம் இரண்டு தேடிப் பிடித்தார். ஆங்கிள் இரும்பை அளந்து வெட்டி, வெல்டிங் பட்டறையில் கூடவே நின்று சட்டம் அடித்தார். அடியில் பலகை, மூன்று பக்கம் தகரம், பின்னால் கொண்டி போட்டுத் திறக்கிற ஒரு கதவு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் சைக்கிளோடு சேர மாட்டேன் என்று அடம்பிடித்தது. முதலில் கேரியரில் மாட்டினார். ஒரு மூட்டை அரிசியோடு முதல் பள்ளத்தில் இறங்கியதுமே கேரியர் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. அப்புறம் சீட்டுக்குக் கீழே உள்ள தண்டில் வளையம் வைத்து, போல்ட் போட்டு, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு டயர்த் துண்டைச் செருகினார். "ஆட்டத்த இது வாங்கிக்கிடும்" என்றார். டயர்த் துண்டு ஆட்டத்தை வாங்கிக்கொண்டது. அடுத்து பாரத்தில் சிக்கல். மூட்டையைப் பின்பக்கம் தள்ளி வைத்தால் வண்டி பின்னால் சாய்ந்து, சைக்கிளின் பின் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவிடும். மனுஷர் பெடலை மிதித்துக்கொண்டே இருப்பார், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். தெருவே கூடி நின்று சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பாரம் எப்போதும் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும் என்று பிடிபட்டது.

வண்டிக்கு பிரேக் கிடையாது. இறக்கத்தில் அது சைக்கிளை முட்டித் தள்ளும். அதனால் பின்னால் ஒரு கயிறு கட்டி, பாரம் அதிகமான நாட்களில் நான் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே வருவேன். "எங்க வண்டிக்கு பிரேக்கு எம் பொண்டாட்டிதான்" என்று வழியெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்குக் கோபம் வரும், ஆனாலும் கயிற்றை விட மாட்டேன். மழைக்கு மூட தார்ப்பாயில் ஓர் உறை தைத்தேன். தகரத்தின் உள்பக்கம் வரிசையாகத் துணிப்பைகள் தொங்கவிட்டேன், வீட்டுக்கு ஒரு பை. எண்ணெய் டின் ஆடாமல் நிற்க மரச்சட்டம், முட்டைக்கு உமி போட்ட டப்பா எல்லாம் உண்டு. மாதச் சாமானை வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கினோம். கடைக்குப் பெயர்ப்பலகை கூட வைக்கவில்லை. ஜனங்களே 'வண்டிக்கடை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "வண்டிக்கடை அரிசியா? கல்லே இருக்காது" என்று பேசிக்கொள்வார்கள். காதில் விழும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

எதிர்வீட்டில் ஒரு குடும்பம். அவள் என்னைவிடச் சின்னவள். என்னை மதினி என்பாள், என் வீட்டுக்காரரை அண்ணே என்பாள். இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அவள் கணவருக்கு மஞ்சள் காமாலை முற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவருடைய தம்பி கூட இருந்தான். பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவள் வீட்டுக்கு வந்திருந்த சமயம், மறுநாள் ஊரில் பந்த் என்று எல்லாம் நின்றுவிட்டது. பஸ் இல்லை, கார் இல்லை, லாரிகூட ஓடவில்லை. அன்று காலையில் அந்தத் தம்பி சைக்கிளில் வந்து இறங்கினான். அவன் வாயைத் திறக்கும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

சித்திரை மாத வெயில். பந்த் முடிகிறவரை உடம்பைப் போட்டுவைக்க முடியாது. கார் வைத்திருந்த இரண்டு பேரிடம் போய்க் கேட்டார்கள். கல்லெறிவார்கள் என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் வெளியிலேயே வரவில்லை. அவள் தலைவிரிகோலமாக ஓடிவந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, உங்க வண்டிதான் இருக்கு. அவியள வீட்டுக்குக் கொண்டாந்துருங்க. புள்ளைக மொகத்தப் பாக்கணும்" என்றாள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. "என்ன பாக்கீய? எடுங்க" என்றேன். சொன்னது நான்தான்.

துணிப்பைகளைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, ஒரு பாயையும் தார்ப்பாயையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். போகும்போது என்னையும் அவளையும் வண்டியில் உட்காரவைத்து அவர் மிதித்தார், தம்பி தன் சைக்கிளில் முன்னால் போனான். திரும்பும்போது நாலு பேரும் நடைதான். வண்டி நீளம் பத்தவில்லை. பின் கதவைத் திறந்துவிட்டு, கால் இரண்டையும் அதன் மேல் நீட்டிப் படுக்கவைத்தோம். பாரம் பின்னால் போய்விட்டது என்று, ஆஸ்பத்திரி வாசலில் கிடந்த இரண்டு கல்லைத் தூக்கி முன்பக்கம் வைத்தார். அவர் ஹேண்டில் பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள் அழவே இல்லை. தார்ப்பாய் காற்றில் விலகும்போதெல்லாம் இழுத்துக் கணவரின் முகத்தை மூடிக்கொண்டே வந்தாள்.

பாதி வழியில் ரோட்டுக்குக் குறுக்கே மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து இளவட்டங்கள் கம்போடு நின்றார்கள். வண்டியில் என்ன என்று பார்த்ததும் மரத்தின் நுனியைத் தூக்கி ஒதுக்கி வழிவிட்டார்கள். ராஜபாளையம் வந்து சேரும்போது என் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். வாசலில் இறக்கினதும் அந்தப் பிள்ளைகள் இரண்டும் ஓடிவந்து விழுந்து அழுதன. அப்போதுதான் அவளும் அழுதாள். "நீங்க மனுசரில்ல, சாமி" என்று தெருவில் பெரியவர்கள் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். அன்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க வேண்டியது என்ன?

மறுநாள் வண்டியைச் சாணி போட்டுக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டினேன். பாயைத் தூக்கிப் போட்டாயிற்று. தார்ப்பாயையும் மாற்றினேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சாமான் எங்களிடம்தான் வாங்குவாள் என்று இருந்தேன். துக்க வீட்டில் அவள் எங்கே வந்து நிற்பாள் என்று, நானாகவே நல்ல அரிசியாகப் பார்த்து, புடைத்து, கல் பொறுக்கித் தனியாக வைத்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஒரு மூன்று சக்கர வண்டி வந்து எதிர்வீட்டு வாசலில் நின்றது. மார்க்கெட் பக்கத்துக் கடை ஒன்றிலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய், வாழை இலை எல்லாம் இறங்கியது. எனக்கு வாய் சும்மா இருக்காது. தெருவைத் தாண்டிப் போய்விட்டேன்.

"ஏட்டி, நம்ம கடையில அரிசி இல்லயா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கோவப்படாதீய மதினி. பந்தியில உக்காருதவிய ஒரு மாதிரியா நெனப்பாவன்னு சொந்தக்காரவிய சொல்லுதாவ."

"அரிசி கடையிலதான இருக்கு? அந்த வண்டியில ஏத்தியா கொண்டாரப் போறேன்? தலையில சொமந்து கொண்டாந்து தாரேன்."

"கடைக்கு அந்த வண்டியிலதான மதினி வந்துச்சு" என்றாள், மெதுவாக.

அவளுடைய கணவனே வந்து இறங்கிய வண்டி அது. அவரை நினைத்துப் போடுகிற சோற்றுக்கு அந்த வண்டி ஆகாது. மறுநாள் நான் பந்திக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். "சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அந்த மனுஷரை எதைக்கொண்டு அடிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகக் கழன்றது. யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. "இந்த மாசம் ஊருக்குப் போறோம்" என்றார்கள், "அவுக தம்பி கட போட்டிருக்கான்" என்றார்கள். என் வீட்டுக்காரர் வண்டியின் அடிப்பலகையைப் பிடுங்கிப் புதுப் பலகை அடித்தார். பச்சை பெயிண்ட் அடித்தார். கடைசியில் வண்டியையே கொல்லையில் தள்ளிவிட்டு, பழையபடி மூன்று சக்கர வண்டிக்காரருக்குக் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வண்டியைத் தள்ளிவைக்க முடிந்தது, கடையின் பெயரைத் தள்ளிவைக்க முடியவில்லை. எந்தப் பெயரைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேனோ, அந்தப் பெயரைச் சொன்னாலே இப்போது ஜனங்களுக்கு அந்த நீட்டிய கால்கள்தான் ஞாபகம் வந்தன. சாமி பெயரில் பெரிதாகப் பலகை எழுதி மாட்டினோம். அதற்குக் கீழே நின்றுகொண்டே, "வண்டிக்கடை எது?" என்று ஒருவர் கேட்டார்.

புரட்டாசி சனிக்கிழமைக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்குத் தளிகை போடுகிற வீடு ஒன்று உண்டு. அரிசி, வெல்லம் எல்லாம் எங்களிடம்தான் வாங்குவார்கள். அந்த வருஷம் வரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாமிக்குப் போகிற அரிசி, யோசிக்கத்தான் செய்வார்கள். ஆனால் எங்கள் வருஷத்தையே தாங்கிய வியாபாரம் அது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், வண்டியை யாரும் மறந்துவிடவில்லை. ஒரு சாவு வீட்டில் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். இவர் எடுத்துக்கொண்டு போனார். இன்னொரு வீட்டிலிருந்தும் வந்தது. மூன்றாவதாக வந்து நின்றவர், எங்களிடம் மாதச் சாமானை முதலில் நிறுத்திய வீட்டுக்காரர். அவருடைய அம்மா இறந்துபோயிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வாசலில் நிற்கும்போதே, "அரிசி வாங்க இந்தப் பக்கம் வராத காலு, இப்ப மட்டும் வழி தெரிஞ்சு வந்துருச்சோ?" என்று கேட்டுவிட்டேன். அதற்குள் என் வீட்டுக்காரர் கொல்லைக்குப் போய் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"போகாதீய. போனா இந்தக் கட எந்திரிக்காது" என்றேன்.

"போகலேன்னா எந்திரிச்சிருமாட்டி?" என்று கேட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பொங்கலுக்கு முன்பே கடையை மூடினோம். மிச்சச் சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அவர் ஒரு லாரி ஆபீஸில் சுமை தூக்கப் போனார். வண்டியை முழுசாக வாங்க ஆள் கிடைக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றித் தனியாகவும், இரும்பைத் தனியாகவும் எடைக்குப் போட்டோம். அந்த டயர்த் துண்டை மட்டும் அவர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு தெருவுக்குப் போகிற அன்று, எதிர்வீட்டுக்காரி மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். எங்கள் சாமான்கள் தெருவில் இருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கண் கலங்கிவிட்டது. "உங்க வண்டி மட்டும் இல்லேன்னா எம் புள்ளைக அப்பா மொகத்தப் பாத்திருக்காது மதினி. நான் சாகுந்தண்டியும் மறக்க மாட்டேன்" என்று சொல்லி, எங்கள் இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். பொய்க் கும்பிடு இல்லை. ஆனால் அந்தக் கூப்பிய கையில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது, அதில் மார்க்கெட் கடை அரிசி இருந்தது. அவளை நன்றி கெட்டவள் என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. எங்களைச் சாமி என்று சொல்ல அந்தத் தெருவில் எல்லோருக்கும் மனசு இருந்தது, எங்களிடம் ஒரு படி அரிசி வாங்கத்தான் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. அதனால்தானோ என்னவோ, யாராவது கைகூப்பி நன்றி சொன்னால் இப்போதும் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, அந்தக் கையில் என்ன தொங்குகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.