சூப்பர் பாஸ்பேட் போடாத தொட்டிகள்

உருளைக்கிழங்கு போட்டுப் பழகிய கை என்னுடையது. கோத்தகிரிப் பக்கம் எங்கள் தோட்டத்து மண்ணில் சூப்பர் பாஸ்பேட் உரம் போட்டால் பாதிக்கு மேல் மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கணக்குப் பார்க்காமல் அள்ளிப் போடுவதுதான் வழக்கம். அதே கையோடுதான், தொட்டிச்செடி வளர்க்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸுக்குள்ளும் நுழைந்தேன்.

முதல் வருடம் செடிகள் மொத்தமாகப் போயின. அடுத்த வருடமும் போனால் பாலிஹவுஸைக் கழற்றிவிட்டுக் கோயமுத்தூரில் ஏதாவது வேலை பார்ப்பது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. மே மாத சீசனுக்கு ஜெரேனியம் பூச்செடித் தொட்டிகளை அடுக்கியிருந்தேன். தை மாதப் பனியில் இலையெல்லாம் ஊதா கலந்து சிவந்தது. பாஸ்பரஸ் சத்து பற்றவில்லை என்று நானே முடிவுகட்டி, தொட்டிக்கு இரண்டு ஸ்பூன் சூப்பர் பாஸ்பேட் போடச் சொன்னேன்.

தண்ணீர் விடும் வேலைக்கு ஓர் அம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும்.

“பனிக்குத்தானுங்க செவக்குது. முன்ன வேலை செஞ்ச நர்சரியிலயும் இப்படித்தான். வெயில் வந்தாச் சரியாயிருமுங்க” என்றார்.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. “சொன்னதைச் செய்யுங்க” என்றேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஓரத்து வரிசையில் மட்டும் புது இலைகள் வெளிறி மஞ்சளாக வந்தன. மற்ற தொட்டிகளில் நல்ல பச்சை. எப்படி என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“அந்த ஒரு வரிசைக்குத்தானுங்க போட்டேன். மத்ததுக்குப் போட மனசு வரலீங்க.”

அப்புறம்தான் விசாரித்துப் புரிந்துகொண்டேன். தொட்டியில் இருப்பது தேங்காய் நார்த்தூள். நம் மண்ணைப் போல அது பாஸ்பரஸைப் பிடித்து வைக்காது. கலவையில் முன்பே போட்டதே போதும். குளிரில் வேர் அதை எடுக்கவில்லை, அவ்வளவுதான். மேலே போட்டது மிஞ்சிப்போய், இரும்புச் சத்தைச் செடிக்குக் கிடைக்கவிடாமல் செய்துவிட்டது. அவர் மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தப் பாலிஹவுஸ் இல்லை. அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அது புரிந்த அன்றே அவரிடம், “எனக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிக்கலையா?” என்று கேட்டேன்.

“யோசிச்சேனுங்க. என்னைய நிறுத்திருவீங்கன்னுதான் டீ ஃபேக்டரில வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். திங்கக்கெழமை வரச் சொல்லியிருக்காங்க” என்றார், குழாயை மூடிக்கொண்டே.

“போகாதீங்கம்மா” என்றேன்.