வண்டிக்கு ஊற்றிய தண்ணீர்

மூலக்குளம் வந்தால் என் காருக்குக் காய்ச்சல் வந்துவிடும். எங்கள் ஊர் அபிஷேகப்பாக்கத்திலிருந்து வில்லியனூர் தாண்டும்வரை சமர்த்தாக ஓடும். மூலக்குளத்து நெரிசலில் நின்று நின்று நகர ஆரம்பித்ததும் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறும். அது சிவப்பைத் தொடுவதற்குள் ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, சூடு தணியும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றிக் கிளம்ப வேண்டும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே என்னைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டுவார்கள். பெற்றவள் பின் சீட்டில்தான் இருப்பாள்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். பஸ்ஸில் கூட்டிப்போக முடியாத நிலை வந்தபோதுதான் இந்தப் பழைய காரை வாங்கினேன். திருபுவனையில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டு நானே காரை ஓட்டி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அந்த நோய்க்குத் தண்ணீர்தான் எதிரி. உள்ளே போனது வெளியே வர வழியில்லை. கால் வீங்கும், நுரையீரலில் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். டாக்டர் சொன்ன அளவை ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் நான்தான் அளந்து கொடுப்பேன். நாற்று நட்டு, களை பறித்து, வெயிலில் சொம்பு சொம்பாகக் குடித்துப் பழகிய உடம்பு அவளுடையது. அந்த டம்ளரை அவளிடம் நீட்டும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போனவுடன் எடை பார்ப்பார்கள். கூடியிருந்தால் அவ்வளவும் தண்ணீர் என்று அர்த்தம். அம்மாவுக்கு எப்போதும் கூடியே இருந்தது. நர்ஸ் என்னைத்தான் பிடித்துக்கொள்வாள்.

“வூட்ல யாரும்மா இவ்ளோ தண்ணி குடுக்கறது? மூச்சு நின்னுடும், தெரியுதா?”

“நான் அளந்துதான் குடுக்கறேன். உங்க மெஷினு தப்பா காட்டுது.”

நானும் வாய் குறைந்தவள் இல்லை. நாங்கள் இருவரும் மல்லுக்கட்டி முடிக்கும்வரை அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

எங்கள் பக்கம் வண்டி சூடானால் யாரும் மெக்கானிக்கைத் தேடி ஓடமாட்டார்கள். தண்ணீர் ஊற்றுவார்கள். டிராக்டருக்கும் அதுதான் வைத்தியம், டெம்போவுக்கும் அதுதான். நானும் வீட்டு போர்வெல்லில் ஒரு பெரிய கலர் சோடா பாட்டில் நிறையப் பிடித்து, பின் சீட்டில் அம்மாவின் காலடியில் வைத்துவிடுவேன். நான் மறந்தாலும் அவள் மறக்கமாட்டாள். “வண்டிக்குத் தண்ணி எடுத்துக்கினியாடி? நெறைய புடி. பாவம், வாயில்லா ஜீவன்.”

வீடு திரும்பும்போது பாட்டில் காலியாக இருக்கும். நான் ஊற்றியதுதான் என்று நினைத்துக்கொள்வேன். அந்த வெயிலில், அந்தக் கூச்சலில், எவ்வளவு ஊற்றினோம் என்று யார் பார்த்தது.

சித்திரையில் ஒருநாள், டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பானெட்டிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. மெல்ல உருட்டிக்கொண்டு வந்து வில்லியனூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். அம்மாவை நிழலில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்தேன்.

“எவ்ளோ தண்ணி குடிக்குதுக்கா?” என்றார் மெக்கானிக்.

“ஒருவாட்டி போய்ட்டு வந்தா பாட்டிலே காலி.”

அவர் குழாய்களைத் தடவிப் பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ஆயில் அளக்கும் குச்சியை எடுத்துப் பார்த்தார். கலக்கவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. பிறகு இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். முள் ஏறியது, ஃபேன் சுற்றவில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்ததும் சுற்றியது.

“ஃபேன் நல்லாத்தான் இருக்குது. சூடானா அத போட்டு வுடற சுவிட்ச்சு செத்துப்போச்சி. ஓடும்போது காத்து பட்டு ஆறிடுது, டிராஃபிக்ல நின்னா மாட்டிக்குது. போர் தண்ணிய ஊத்தி ஊத்தி ரேடியேட்டர் உள்ள உப்பு வேற பூத்துக் கெடக்குது.” துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஆனா இது பாட்டில் தண்ணி குடிக்கற வண்டி இல்லக்கா. ஆவியா போனாலும் மிஞ்சிப்போனா ஒரு டம்ளர் போவும்.”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. சுவிட்ச்சை மாற்றி, ரேடியேட்டரைக் கழுவி, தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றி முடித்தார். “இனிமே தண்ணியே ஊத்தாதீங்க. பாட்டில வூட்லயே வெச்சிடுங்க.”

“அப்போ வண்டியில தண்ணி எடுத்துக்கினு வரமாட்டியாடி?”

அம்மாதான் கேட்டாள். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். கையிலிருப்பது பிடுங்கப்படப்போவது தெரிந்த முகம். பானெட்டைத் தூக்கி நிறுத்தினால் முன்னால் நிற்கிற எனக்கு உள்ளே இருப்பவள் தெரியமாட்டாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

கத்தினேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். “சாவணும்னே குடிச்சியாம்மா? நான் அந்த நர்சுகிட்ட உனக்காக சண்ட போட்டுக்கினு இருந்தேனே!”

“சாவறதுக்கு இல்லடி,” என்றாள், தலையைத் தூக்காமல். “நாக்கு வறண்டு மேல ஒட்டிக்கிச்சி.”

மெக்கானிக் கை கழுவப் போவது போல உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு கார் சூடாகவே இல்லை. மூலக்குளத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் முள் நடுவில் நின்றது. அம்மாவின் எடையும் கட்டுக்குள் வந்தது. நர்ஸ் என்னைப் பாராட்டினாள், எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. பின் சீட்டில் அம்மா பேசுவது குறைந்துபோனது. இன்று கேட்டாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வேன். சரியாக இருந்து என்ன? அவளுக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அந்தப் பின் சீட்டில் இருந்தது, அதை நான் ரிப்பேர் பார்த்துவிட்டேன்.

கார்த்திகை மழையில் அவளுக்கு இதயம் தளர்ந்துவிட்டது. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, “இனிமே எதையும் தடுக்க வேணாம்மா. வீட்டுக்குக் கூட்டிப் போங்க, கேக்கறதக் குடுங்க” என்றார். கூட்டி வந்தேன். கட்டிலில் படுக்கவைத்ததும் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

“குடிம்மா.”

அவள் சொம்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இன்னாடி, கேக்காமலே சொம்போட குடுக்கற?”

பொய் சொல்ல வாயைத் திறந்தேன், முடியாமல் சொம்பை அவள் உதட்டருகே கொண்டுபோனேன்.

அவள் அந்தச் சொம்பைக் கையால் மெல்லத் தள்ளினாள்.

“வேணாம்டி. எப்பவும் போல அளந்தே குடு.”