பச்சைக்காரியின் முதுகு

முதுகு

“முந்தானைய எடுத்துட்டுத் திரும்பும்மே. முதுகப் பாக்கணும்” என்றாள் முனியம்மா.

திரும்பி நின்றேன். வெயில் விழும்படி என்னை நகர்த்தி, தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை விரலால் தடவினாள். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கிறவள் அவள். ஆட்டுத்தோலில் பொத்தல் தேடுவதைத் தினமும் பார்த்த கண். பச்சை குத்துகிற தொழிலில் ஊசியை எடுப்பதற்கு முன் நம்முடைய தோலைத்தான் விரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பேர்ணாம்பட்டுப் பக்கம் யாருக்கோ பச்சை குத்திய இடத்தில் குஷ்டம், அந்தப் பெருநோய், கண்டுவிட்டதாம். அதிலிருந்து, நோய் ஊசிக்காரியிடமிருந்து வருகிறது என்று பேச்சு. சவரம் செய்கிறவர், மருத்துவச்சி, வளையல் போட்டுவிடுகிறவர் என்று பிறர் உடம்பைத் தொட்டுப் பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரிந்ததுதான். அவர்கள் நம்மைச் சோதிக்கலாம். நாம் அவர்களைச் சோதிக்க முடியாது.

முனியம்மாவின் மகள் அஞ்சலைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. பச்சை இல்லாத வெறுங்கையால் தண்ணீர் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்று அவனுடைய தாய் சொல்லியனுப்பியிருந்தாள். அஞ்சலைக்கு இதுதான் முதல் பச்சை. எங்கே குத்த வேண்டும் என்று முனியம்மா தன் கையிலேயே காட்டினாள்: இடது முழங்கைக்குக் கீழே, வெளிப்பக்கம், நாலு விரல் அகலத்துக்கு, நடுவில் இடம் விடாமல் நெருக்கமாக ஒரு தேர். உள்பக்கம் குத்துவதுதானே வழக்கம் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

“முதுகு சுத்தமாத்தான் கீது. வாயி எப்டின்னு பாக்கணும்” என்றாள்.

பழைய கை

புதிதாகக் குத்திய பச்சை யார் கையிலும் அழகாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் போன பிறகு பார்க்க வேண்டும். யாராவது முதல்முறை குத்திக்கொள்ளப் போனால், அந்தப் பச்சைக்காரி முன்பு குத்திய பழைய கை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் என்று நானே சொல்வதுண்டு. முனியம்மா அதைக் கேட்டுக்கொண்டு, தானே ஒரு கையைத் தேர்ந்தெடுத்தாள். குப்பம்மாவின் கை.

குப்பம்மா சுண்ணாம்புக் குழியில் தோல் அலசுகிறவள். நான் குத்திய தேள் அவள் கையில் மிதிபட்ட நண்டு மாதிரி ஆகியிருந்தது. புண் ஆறும்வரை எட்டு நாள் சுண்ணாம்பில் கை வைக்கக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். மறுநாள் காலையிலேயே குழியில் இறங்கிவிட்டாள். அதைச் சொன்னதும் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“எட்டு நாளு கைய வுடாதன்னியே, அந்த எட்டு நாளும் எம் புள்ளைங்களுக்கு நீயா வந்து சோறு ஆக்கிப் போட்ட?”

அவள் தெருக்கோடிவரை கூட வந்து திட்டினாள். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அவள் திரும்பிப் போன பிறகு முனியம்மா என்னைப் பார்த்தாள்.

“இவ்ளோ பேச்சுக்கும் நீ ஒண்ணுமே சொல்லலியே. பரவால்ல.”

தம்பி

அப்படியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. முதலில் தன் தம்பி ஏழுமலையை அனுப்பினாள். அவன் கையில் சீழ் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெண்ணை அனுப்புவதாகச் சொன்னாள். இதுவும் இங்கே நடப்பதுதான். தம்பி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரியை அனுப்புவார்கள்.

ஏழுமலை கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக்கொண்டே, என்ன படம் வேண்டும் என்று கேட்டேன். படம் வேண்டாம், எழுத்து வேண்டும் என்றான். மிஷன் பள்ளிக்கூடத்தில் சிறிது காலம் படித்ததால் எனக்கு எழுத்து வரும். சுரங்கத்துக்குப் போகிறவர்கள் என்னிடம் வருவது அதற்காகத்தான். பெயரைச் சொல், எழுதுகிறேன் என்றேன். ஊசி இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

“பேரு வாணாம், ஆம்பூருன்னு போடு. மேல பாறை வுழுந்தா மூஞ்சி தெரியாதாம். பேரப் பாத்து எவன் அழுவப் போறான்? ஊரப் பாத்தா பொணத்த ரயில் ஏத்தியாச்சும் வுடுவான்.”

தேர்

ஏழுமலையின் கை நன்றாக ஆறியது. அஞ்சலைக்குக் குத்துகிற அன்று வருங்கால மாமியார் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்து, எதிரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். பெண் எப்படித் தாங்குகிறாள் என்று பார்ப்பது மாமியார்களின் உரிமை. தெருப் பெண்கள் வலி தெரியாமலிருக்கப் பாடத் தயாராக நின்றார்கள்.

முனியம்மா காட்டிய இடத்தைத் துடைத்தேன். அங்கே தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது. முடி இல்லை. உச்சி வெயிலில் கை முழுக்க வேர்த்திருந்தது. அந்த நாலு விரல் இடம் மட்டும் உலர்ந்திருந்தது. ஊசியை இறக்கினேன். இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்கினேன். ரத்தம் கசிந்தது. கூரையில் உட்கார்ந்திருந்த காக்கையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலை என் பக்கம் குனிந்து, மெல்லிய குரலில் கேட்டாள்.

“இன்னும் ஆரம்பிக்கலியாக்கா?”

இந்தத் தொழிலில் இருக்கிறவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெருநோய் முதலில் ஊசிக்குத்தான் தெரியும். நிமிர்ந்தேன். முனியம்மா என் ஊசியைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சம்மந்தி, பொண்ணு மூச்சுகூட வுடல? என் பெரிய மருமக ஊரக் கூட்டினாளே” என்றாள் மாமியார். அவள் வெற்றிலையை மெல்வதை நிறுத்தியிருந்தாள்.

தேரின் கொடியைக் குத்துகிற மாதிரி ஊசியை வெளுத்த இடத்துக்கு அப்பால் நகர்த்தி, வேண்டுமென்றே அழுத்தினேன். அஞ்சலை அலறிய அலறலில் காக்கை பறந்தது. பெண்கள் கை தட்டிச் சிரித்தார்கள். மாமியார் மறுபடி மெல்ல ஆரம்பித்தாள்.

“இப்பத்தான் பொண்ணு மாதிரி கீறா. நான் பயந்தே பூட்டேன், கட்டையக் கட்டி வெக்கிறாங்களோன்னு.”

மாமியார் போன பிறகு முனியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். வேலூரில் வெள்ளைக்காரிகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் இதற்கு எண்ணெய் ஊசி போடுகிறார்கள், சீக்கிரம் கூட்டிப்போனால் விரல்கள் தப்பும் என்றேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“தாலி ஏறட்டும். அப்பால பாக்கலாம்.”

வாய்

தாலி ஏறியது. அறுவடை வருவதற்குள் அஞ்சலை திரும்பி வந்துவிட்டாள். மாமியார் வீட்டில் சோறு வடிக்கும்போது கொதிக்கிற கஞ்சி இடது கையில் கொட்டி, பச்சைத் தேர் முழுக்க வெந்துபோயிருக்கிறது. அவளோ வடித்து முடிக்கும்வரை பானையை விடாமல் நின்றிருக்கிறாள். அவள் நின்றதைப் பார்த்த மாமியாருக்கு விளங்கிவிட்டது.

நான் சந்தைக்குப் போகிற வழியில் தெருவே என்னை மறித்துக்கொண்டது. பெண்ணோடு கூட வந்திருந்த மாமியார், இது கல்யாணத்துக்கு முன்பே இருந்ததா, ஊசியில் வந்ததா என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். முன்பே இருந்தது என்றால் தாயும் மகளும் ஏமாற்றுக்காரிகள். தாலியை அங்கேயே அறுத்து வாங்கிக்கொண்டு போவாள். ஊசியில் வந்தது என்றால் அஞ்சலை பாவப்பட்டவள். வைத்தியம் பார்த்து அழைத்துக்கொள்ளலாம் என்று பேச ஒரு வழி இருக்கிறது. எனக்கு அது புரிந்தது. முனியம்மாவுக்கு எப்போதோ புரிந்திருக்கிறது.

“இவதான்! தங்கமா இருந்த பொண்ணு. இவ ஊசி பட்டப்புறந்தான் இப்டி ஆச்சு. எங்க, இல்லன்னு சொல்லச் சொல்லு பாப்போம்!” என்று முனியம்மா என் ஊசிப் பெட்டியைப் பிடுங்கி மண்ணில் வீசினாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. மாமியார் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள்.

“வாயத் தெறக்கறாளா பாரு. எல்லாம் இவ வேலதான். இந்த நோவுக்கு ஆஸ்பத்திரி எங்க கீதுன்னு கேளு சம்மந்தி, வண்டி கட்டலாம்.”

அதற்குப் பிறகு ஆம்பூரிலிருந்து குடியாத்தம்வரை ஒருவரும் என் முன்னால் கை நீட்டவில்லை. ஆகவே முதல் பச்சைக்கு நம்பகமான ஆள் வேண்டுமென்று யாராவது கேட்டால், முனியம்மாவைவிட நன்றாகத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவள் இந்தப் பக்கத்தில் இல்லை என்றுதான் சொல்வேன்.

கூட்டம் வண்டி பேசப் போனது. அஞ்சலை மட்டும் மண்ணில் உட்கார்ந்து என் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இடது சுண்டுவிரலில் ஓர் ஊசி ஏறியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. நான் குனிந்து அதை உருவி எடுத்து, என் முந்தானையால் அவள் விரலைத் துடைத்தேன்.