ஐடிஸ் என்று முடிந்த சொல்

விலங்கியல் பட்டத்தோடு பாளையங்கோட்டையில் சும்மா இருந்த என்னை அக்கா ஹைதராபாத் உப்பலில் இருந்த தன் வீட்டுக்கு வரவழைத்தாள். அங்கே யாரைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் வேலை என்று சொன்ன காலம். எனக்குக் கிடைத்தது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சி. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும்.

அவர்கள் பாதிச் சொல்லை மென்று விழுங்கினார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சொல்லிக்கொடுத்த மேடம்தான், சொல்லின் கடைசிப் பகுதியை முதலில் பிடிக்கச் சொன்னார். ‘எக்டமி’ என்று முடிந்தால் உறுப்பை வெட்டி எடுத்துவிட்டார்கள். ‘ஆட்டமி’ என்றால் கீறினார்கள், அவ்வளவுதான். ‘ஓமா’ பெரும்பாலும் கட்டி, ‘ஐடிஸ்’ அழற்சி. அதற்குப் பிறகு எனக்கு அதே பைத்தியம். ஹோம்வொர்க் எழுத மறுத்த அக்கா மகளுக்கு ‘ஹோம்வொர்க்கைடிஸ்’ என்று பெயர் வைத்தேன். அவள் “நக்கோ சித்தி” என்று, வேண்டாம் என்பதை அந்த ஊர் உருதுவில் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் அத்தான் திடீரென்று அக்காவுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். பல வருடமாக அவள் கேட்டும் மசியாதவர், தினமும் சாயங்காலம் அவளைக் காலனி மைதானத்துக்கு அழைத்துப் போனார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அத்தான் சரியாகச் சாப்பிடாததை நான் கவனித்திருந்தேன். ஒருநாள் நானும் கூடப் போய், அக்கா மைதானத்தைச் சுற்றிவரும்போது அத்தானிடம் மெதுவாகக் கேட்டேன்.

“நாளைக்கு நான் இல்லன்னா இவ யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாதுல்லா,” என்றார்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நெஞ்சு வலித்து, தனியாகப் போய் இசிஜி எடுத்திருக்கிறார். இதயத்தில் ஒன்றுமில்லை என்ற டாக்டர், நீளமாக ஒரு பெயரைச் சொல்லி, மாத்திரை எழுதி, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். இதயத்தை விடப் பெரிய வியாதி போலிருக்கிறது என்று அத்தான் முடிவு கட்டிவிட்டார்.

“என்ன பேரு அத்தான்?”

“காஸ்டோ... காண்ட்ரைடிஸ்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முகம் சுண்டியதும் அவசரமாகச் சொன்னேன்: “முடிவப் பாருங்க அத்தான். ஐடிஸ். காஸ்டோன்னா விலா எலும்பு, காண்ட்ரோன்னா குருத்தெலும்பு. அது நெஞ்செலும்போட சேருத எடத்துல அழற்சி. தானா சரியாயிரும்.”

“ஓமா இல்லையே?”

“இல்லவே இல்ல.”

வீட்டில் நான் சொன்ன பாடமெல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் மைதானத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வண்டியை நிறுத்திவிட்டு வந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். தன்னிடம் மறைத்ததற்காக முதலில் நன்றாகத் திட்டினாள். பிறகு அவளும் சிரித்தாள். அன்று ராத்திரி அத்தான் மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம், “இனி ஸ்கூட்டர் எதுக்கு?” என்று இழுத்துப் பார்த்தார்.

“சாவி எங்கிட்டதான் இருக்கும்,” என்றாள் அக்கா.

இரண்டு வாரம் கழித்து டாக்டரிடம் அத்தானை அவள்தான் ஸ்கூட்டரில் வைத்துக் கூட்டிப்போனாள். டாக்டரும் நான் சொன்னதையே சொன்னாராம். பின்சீட்டைக் கெட்டியாகப் பிடித்தபடி திரும்பி வந்த அத்தான், போகிற வழியில்தான் நெஞ்சு நிஜமாகவே அடித்துக்கொண்டது என்றார்.