ஆமென் சொன்ன பெட்டை

உபதேசியார் பெண்சாதி ஞானபாய் என்றால், தூத்துக்குடிப் பக்கம் அவள் ஊரான புதுக்கோட்டையிலேயே நாலு பேர் முழிப்பார்கள். வான்கோழிக்காரி என்றால் தூத்துக்குடித் துறைமுகம் வரைக்கும் தெரியும். வேதக்கோயிலில் ஊழியம் பார்த்த உபதேசியார் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகுட்டி இல்லை. நாசரேத்தில் அவள் வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்காரம்மா, சீமைக்குத் திரும்பும்போது ஒரு ஜோடி வான்கோழியைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்கு வந்த ஆஸ்தி அதுதான். அதைப் பெருக்கி, ஊருக்கு வெளியே உடைமரங்களுக்கு நடுவில் இருந்த ஓட்டு வீட்டில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பெட்டைகள் முட்டைக்காக அவளிடமே இருக்கும். சேவல்கள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் துறைமுகத்துத் துரை பங்களாவுக்குப் போய்விடும். அதனால் எது சேவல், எது பெட்டை என்று முதலிலேயே தெரிந்துகொண்டு, சேவல் காலில் சிவப்புத் துணி கட்டிவிடுவாள். துணி கட்டியபிறகு அதோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ள மாட்டாள்.

வான்கோழிக் குஞ்சு சுலபத்தில் பிடி கொடுக்காது. முட்டையிலிருந்து வந்த சூட்டோடு பெட்டைக்குஞ்சும் வாலை விரித்து ஜம்பம் அடிக்கும். அதை நம்பித் துணி கட்டுகிறவன் முட்டாள். நெஞ்சுச் சிறகு முளைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டும். பெட்டைக்குச் சிறகின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை ஓடும். சேவலுக்கு நுனி கருப்பு. அப்புறம் சேவலுக்குத் தலையும் கழுத்தும் மொட்டையாகிச் சிவக்கும், மூக்குச் சதை நீண்டு அலகைத் தாண்டித் தொங்கும். இதெல்லாம் ஞானபாய்க்குத் தண்ணீர் பட்ட பாடு.

நாற்பத்தாறாம் வருஷம் கோடை மழையில் ஓர் அடைக்குஞ்சு முழுக்கத் தாயோடு நனைந்து செத்தது. மிஞ்சிய ஒரே குஞ்சை அடுப்படியில் விறகுப்பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினாள். தாயில்லாத குஞ்சு அவளையே தாயென்று எண்ணிக்கொண்டு, கிணற்றடிக்குப் போனால் கிணற்றடி, கோயிலுக்குக் கிளம்பினால் வாசல் படல்வரைக்கும் என்று பின்னாலேயே திரிந்தது. இது பெட்டைதான் என்று ஞானபாய் முடிவு கட்டிவிட்டாள். அப்போது அதற்குச் சிறகே முளைக்கவில்லை.

சிறகு முளைத்தது. நுனி கருப்பு. நிழலில் அப்படித்தான் தெரியும் என்றாள்.

பக்கத்துப் பனைவிளையில் பதநீர் காய்ச்சும் செண்பகம் ஒருநாள் சுள்ளி பொறுக்க வந்தவள், இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள்.

"யக்கா, கழுத்துல ஒரு மயிரையும் காணோம். செக்கச்செவேல்னு கெடக்கு. இது சேவல்லா?"

"வெயிலுக்கு உதுந்திருக்கு. ஒனக்கு வான்கோழியப் பத்தி என்னளா தெரியும்?"

"நெஞ்சுல குதிரைமயிரு மாதிரி என்னமோ நீட்டிக்கிட்டு நிக்கி?"

"சில பெட்டைக்கும் அது மொளைக்கும். நீ போயி அடுப்பப் பாரு."

சில பெட்டைக்கு முளைப்பது உண்மைதான். பொய் சொல்ல வேண்டியவர்களுக்கு இப்படி ஓர் உண்மை கையில் இருந்தால் போதும், அதை வைத்தே ஒப்பேற்றிவிடுவார்கள்.

ஆனால் ஐப்பசியில் அதற்குத் தொண்டை திறந்தது. விளக்கு ஏற்றி, வழக்கம்போல ஞானபாய் தனியாக ஜெபம் பண்ணி, "ஆமென்" என்றாள். அடுப்படியிலிருந்து களகளகளவென்று ஒரு சத்தம். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெட்டைக்கு அந்தச் சத்தம் வராது. இதற்குமேல் சமாதானம் சொல்ல அவளிடமே எதுவும் இல்லை. திரும்பவும் "ஆமென்" என்று சொல்லிப் பார்த்தாள். திரும்பவும் பதில் வந்தது. உபதேசியார் போனபிறகு அந்த வீட்டில் அவள் ஆமெனுக்கு இன்னொரு ஆமென் கேட்டதே இல்லை. அன்றைக்கு உட்கார்ந்து அழுதாள். மறுநாளிலிருந்து ஜெபநேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. துரை வீட்டு பட்லர் வேதமணி ஒற்றை மாட்டு வண்டியில் வந்தார். பெண்டாட்டியை இழந்தவர், அதிகம் பேச மாட்டார். வருஷத்தில் ஞானபாய் காப்பி போட்டுக் கொடுக்கும் விருந்தாளி அவர் ஒருவர்தான். வண்டிச் சத்தம் கேட்டதுமே அவள் தன் பறவையின்மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே சாக்கைப் போட்டுவிட்டாள்.

வேதமணி சிவப்புத் துணிக்காரர்களை எல்லாம் வண்டியில் ஏற்றினார்.

"கப்பல்காரங்களும் விருந்துக்கு வாராங்க. இன்னும் ஒரு சேவல் இருந்தா நல்லாருக்கும். அந்தப் பஞ்சாரத்துல என்ன?"

"பெட்டை அண்ணாச்சி. அடைக்கு உக்காந்திருக்கு."

"அப்போ வேண்டாம். நீங்க சொன்னா சரிதான், உபதேசியாரம்மா."

அந்தச் 'சரிதான்' அவளைச் சுட்டது. காப்பியைக் குடித்துவிட்டு அவர் எழுந்ததும், மிஷன்காரர் வீட்டுப் பழக்கத்தில் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது:

"ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க அண்ணாச்சி."

சொன்ன பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அதற்குள் வேதமணி தலைப்பாகையைக் கழற்றிக் கண்ணை மூடியிருந்தார். துரை குடும்பத்துக்காக, கடலில் இருக்கிறவர்களுக்காக, "இந்த வீட்டையும் இதிலுள்ள யாவரையும்" காக்கும்படிக்கு, நிதானமாக ஜெபித்தார். யாவரும் என்பது அவள் ஒருத்திதான். ஞானபாய் கண்ணைத் திறந்து பஞ்சாரத்தையே பார்த்துக்கொண்டு, இந்த ஜெபம் முடியக்கூடாதே என்று தனியாக ஒரு ஜெபம் பண்ணினாள். அது கேட்கப்படவில்லை. தான் ஆமென் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். வேதமணி கோயில் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

களகளகளகள என்றது பஞ்சாரம்.

வேதமணி கண்ணைத் திறந்தார். பஞ்சாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார், அவள் முந்தானையை வாயில் வைத்திருந்தாள். அவர் தலைப்பாகையை எடுத்து மெதுவாகக் கட்டினார்.

"அடைக்கோழியக் கலைச்சுப் போட்டேன் போல," என்றார். "நான் கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கணும்."

வண்டி போய்விட்டது. ஒரு சேவல் குறைந்ததற்குப் பங்களாவில் அவருக்கு வசவு விழுந்திருக்கும். தனக்காக ஒரு மனுஷர் பொய் சொல்லிவிட்டுப் போகிறாரே, இன்னொரு காப்பிக்கு உட்காருங்கள் என்று சொல்லத் தோன்றவில்லையே என்று அவள் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரி, அடுத்த வருஷம் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போனாள்.

அடுத்த வருஷம் கொடி மாறியது. துரை கப்பலேறினார். வேதமணி மகளோடு மதுரைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. டிசம்பரில் ஞானபாய் முற்றத்தைப் பெருக்கிக் காப்பித்தூளும் வாங்கி வைத்திருந்தாள். யாரும் வரவில்லை. அந்த வருஷத்துச் சேவல்கள் அத்தனையும் அவளுக்கே மிஞ்சின. அத்தனையையும், விறகுப்பெட்டியில் வளர்ந்ததையும் சேர்த்தே, அவள் கொடுத்திருப்பாள், அந்தப் படலைத் திறந்துகொண்டு அவர் ஒருதரம் வந்திருந்தால்.